இரண்டாம் நம்பர் மெஷினின் பதிவுகள்

ஜூலை 3, வியாழன்

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. துணி காயப்போடும்போது கிளிப் மாட்ட மறந்துவிட்டேன். லோகுவின் சட்டைகள் இரண்டும் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் உட்கார்ந்துகொண்டன. காங்கயத்துக் காற்று ஆரம்பித்துவிட்டது. இனி இரண்டு மாதத்துக்குக் கதவு ஜன்னலெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு இந்தக் காற்று பிடிக்கும்.

பத்தரைக்கு நாச்சிமுத்து அண்ணனின் குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் போனேன். இன்று புதிய அடை வைக்கிறார்கள். மூன்று மெஷின்கள், மெஷினுக்கு மூவாயிரம் நாட்டுக்கோழி முட்டை. இருபத்தொரு நாள் கழித்து, 24-ஆம் தேதி, குஞ்சு வெளிவர வேண்டும். அந்த மெஷின்களை ஓட்டுவது இரண்டு வருடத்துக்கு முன் நான் பைத்தானில் எழுதிக்கொடுத்த புரோகிராம். சூடு குறைந்தால் ஹீட்டரைப் போடும். ஈரம் குறைந்தால் தண்ணீர் தெளிக்கும். மணிக்கு ஒருமுறை தட்டுகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்க்கும். அடைகாக்கும் கோழி அலகால் முட்டையைப் புரட்டிவிடுமே, அந்த வேலை. புரட்டாமல் கிடந்தால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துவிடும்.

அண்ணன் வழக்கம்போல மோர் கொடுத்தார். ஆனால் முகம் சரியில்லை.

"போன ரெண்டு அடையும் ரெண்டாம் நம்பர் மெசின்ல பாதிதான் பொரிச்சுதும்மா. மத்த ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. அந்த ஒண்ணு மட்டும் ஏன் இப்படி?"

"முட்டை ஒரே பண்ணை முட்டைதானுங்களாண்ணா?"

"ஒரே பண்ணைதான். எனக்கு சரோஜா மேலதான் சந்தேகம். கதவு தொறந்தா என்ற போனுக்கு மணி வருதல்ல? ரெண்டாம் நம்பர் மெசினை மட்டும் ஒரு நாளைக்கு நாலு தடவ, அஞ்சு தடவ தொறக்கறா. தொறக்காதேன்னு சொல்லியாச்சு. கேக்கறதில்ல. உள்ள இருக்கற சூடெல்லாம் போனா முட்ட என்னாகும்?"

சரோஜாக்கா காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை மெஷின் அறையைப் பார்த்துக்கொள்கிறவர். பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறார். இரவில் வெளிவாசலில் ஒரு வாட்ச்மேன் மட்டும். அவர் உள்ளே போவதில்லை.

"கம்ப்யூட்டரு எல்லாத்தையும் எழுதி வெக்கோணும். எப்பத் தொறந்தாங்க, எப்ப மூடுனாங்க. கையில காயிதமா வேணும். வாயில சொன்னா அவ ஒத்துக்க மாட்டா."

செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கே ரொம்ப நாளாகச் செய்ய வேண்டும் என்றிருந்த வேலைதான்.

ஜூலை 4, வெள்ளி

இதுவரை என் புரோகிராம் பேசுவதெல்லாம் பிரிண்ட் வழியாக. 'சூடு சரி', 'தட்டு திரும்பியது' என்று திரையில் ஒரு வரி ஓடும், மேலே ஏறும், மறைந்துபோகும். நேற்று என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதனால் அதற்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பைத்தானிலேயே லாகிங் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தரம் கொடுக்கலாம். சும்மா ஆராய்ச்சிக்கு டீபக், சாதாரணத் தகவலுக்கு இன்ஃபோ, கவனி என்பதற்கு வார்னிங், தப்பு நடந்துவிட்டது என்பதற்கு எரர், எல்லாம் போச்சு என்பதற்கு கிரிட்டிக்கல். எந்தத் தரத்துக்கு மேல் எழுத வேண்டும், எங்கே எழுத வேண்டும், தேதியும் நேரமும் எப்படி வர வேண்டும் என்று ஆரம்பத்தில் ஒரே ஒரு இடத்தில் சொல்லிவிட்டால் போதும். நாளுக்கு ஒரு கோப்பு, முப்பது நாளானதும் பழையது தானாக அழியும்படி வைத்தேன்.

காலையிலிருந்து மதியம் வரை பிரிண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மாற்றினேன். நாற்பத்தொரு பிரிண்ட். வெகு நாள் கழித்து இப்படி ஒரே மூச்சில் உட்கார்ந்து வேலை செய்தேன். ரசத்தை அடுப்பில் வைத்தது மறந்துபோய், பொங்கி வழிந்தது.

லோகு பள்ளியிலிருந்து வந்ததும், "என்ன எழுதற?" என்றார்.

"லாக் எழுதறேன்."

"என்னைப் பத்தியா?"

கல்யாணமாகிப் பதினோரு வருடம். இப்படித்தான் பேசுவார்.

ஜூலை 5, சனி

ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை விழுகிறது. சூடு சரி, சூடு சரி. தட்டு திரும்பியது, தட்டு திரும்பியது. திக்குவாய்.

ஜூலை 6, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். செய்தியைக் கோப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஹேண்ட்லரை இரண்டு இடத்தில் சேர்த்திருக்கிறேன். ஒன்றை எடுத்ததும் சரியானது. அந்த மகிழ்ச்சியில் லோகுவுக்குப் பணியாரம் சுட்டேன்.

ஜூலை 7, திங்கள்

பொரிப்பகத்தில் புதிய புரோகிராமை ஏற்றினேன். ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை.

சரோஜாக்கா கொய்யாப்பழம் நறுக்கி, உப்பு மிளகாய்த்தூள் தூவிக் கொண்டுவந்தார். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னத்த எழுதறதுக்குங்க அம்மிணி?"

"மெஷின் என்ன செய்யுதுன்னு எல்லாம் எழுதிக்கும்கா."

"மெசின் செய்யறத மட்டுமா? நாங்க செய்யறதையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"நல்லதாப் போச்சுங்க" என்றார். அதற்குப் பிறகு அறையைக் கூட்டப் போய்விட்டார். நல்லதாப் போச்சு என்று ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

சரோஜாக்கா எப்போதும் ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டே இருப்பார். மே மாதம் நான் போயிருந்தபோது கூட இரண்டாம் நம்பரில் மோட்டார் சத்தம் சில நேரம் வருவதில்லை என்றார். பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

லாக் ஓடுகிறது. வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. 'தட்டு திரும்பியது' என்று நேரத்தோடு ஒரு வரி வந்து விழும்போது எனக்கு ஏனோ சிரிப்பு வருகிறது. குழந்தை எழுத்து பழகுவதைப் பார்ப்பது மாதிரி.

ஜூலை 10, வியாழன்

நேற்றும் முந்தாநேற்றும் கதவு திறந்த விவரத்தை மட்டும் பிரித்தெடுத்து அண்ணனுக்குக் கொடுத்தேன். இரண்டு நாளில் ஒன்பது தடவை. ஒன்பதும் இரண்டாம் நம்பர் மெஷின். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருக்கிறது.

அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு சரோஜாக்காவைக் கூப்பிட்டார். நான் கிளம்பலாம் என்று எழுந்தேன். "நீயும் இரும்மா" என்றார்.

"இது நீதான?"

"ஆமாங்க. நாந்தான் தொறந்தேன்."

"தொறக்காதேன்னு நான் சொன்னனா, இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்பறம்?"

சரோஜாக்கா என்னைப் பார்த்தார். ஏதோ நான் சொல்ல வேண்டும் என்பது போல. நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தட்டு சாஞ்ச பக்கமே சாஞ்சிருந்தா, கையால திருப்பி விடறதுக்குத் தொறப்பனுங்க" என்றார்.

"மணிக்கொருக்கா கம்ப்யூட்டரு திருப்புது. நீ என்னத்தத் திருப்பற? உன்ற கைதான் காரணம்." அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "நாளையிலிருந்து வராண்டாம்."

சரோஜாக்கா சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு வருடமாக அவர் பேர் எழுதிய டம்ளர் ஒன்று அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளவில்லை.

என்னிடம் கேட்ட வேலையை நான் செய்துகொடுத்தேன். அதில் உள்ளதெல்லாம் உண்மை. அவரும் ஒத்துக்கொண்டார்.

ஜூலை 11, வெள்ளி

ஃபிரிட்ஜைத் துடைத்தேன். அலமாரிக்குப் புதுப் பேப்பர் விரித்தேன். பீரோவைக் கூட ஒழித்துவைத்தேன். லோகு, "ஒறம்பரை யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டார்.

கதவு திறந்த நேரங்களை இன்னொரு தடவை பார்த்தேன். 7.05. 9.04. 10.06. 2.05. எல்லாமே மணி அடித்து ஐந்தாறு நிமிடத்துக்குள். அது அவர் வழக்கமாகச் சுற்றி வரும் நேரமாக இருக்கும்.

ஜூலை 12, சனி

அண்ணன் போன் செய்தார். இரண்டு நாளாக இரண்டாம் நம்பர் கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லையாம். அவரே அறையைப் பார்த்துக்கொள்கிறாராம். "இந்த அடை பாரு, சும்மா கிளம்பும்" என்றார். மகிழ்ச்சியான குரல். நானும் மகிழ்ச்சியாகவே பேசினேன்.

ஜூலை 13, ஞாயிறு

மதியம் கொள்ளுப் பருப்பும் சோறும். சாப்பிட்டுவிட்டு லோகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, நான் மேசையில் போட்டிருந்த லாக் காகிதங்களை எடுத்துப் புரட்டினார். மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் அவர். எந்த அட்டவணையைப் பார்த்தாலும் பென்சிலை எடுத்துவிடுவார்.

"மேகலா, ஒரு நாளைக்குத் தட்டு எத்தனை தடவை திரும்பணும்?"

"மணிக்கு ஒண்ணு. இருபத்திநாலு."

"ரெண்டாம் நம்பர்ல பதினஞ்சுதான் இருக்கு."

"சரியாப் பாருங்க. அடுத்த பக்கம் இருக்கும்."

"அடுத்த பக்கத்தையும் சேர்த்துதான். ஒண்ணாம் நம்பர் இருபத்திநாலு, மூணாம் நம்பர் இருபத்திநாலு, ரெண்டு மட்டும் பதினஞ்சு."

வாங்கிப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு 'தட்டு திரும்பியது'. எட்டு மணிக்கு 'தட்டு திரும்பியது'. ஏழு மணிக்கு ஒன்றுமே இல்லை. தப்பு என்றும் இல்லை, சரி என்றும் இல்லை. வெற்றிடம்.

லாகிங்கில் ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்று சொன்னேன். லோகு காகிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். நான் கணினியைத் திறந்து என் புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்தேன்.

நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், மெஷின்களை முதன்முதலாக ஓட்டிக்காட்டிய நாள். அண்ணனின் சொந்தக்காரர்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். பூஜை போட்டு, தேங்காய் உடைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு சென்சார் பதில் சொல்லாமல் மக்கர் பண்ணியது. புரோகிராம் பிழை காட்டிவிட்டு நின்றது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேகமாக இரண்டு வரி சேர்த்தேன். எக்ஸெப்ட், அதற்குக் கீழே பாஸ். எந்தப் பிழை வந்தாலும் வாயைத் திறக்காதே, அப்படியே தாண்டிப் போய்க்கொண்டிரு என்று பொருள். மெஷின் ஓடியது. கைதட்டினார்கள். நாளைக்கு வந்து எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த 'நாளை' இன்று வரை வரவில்லை.

நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் யாராவது இப்படி எழுதியிருந்தால் நானே சிரித்திருப்பேன். லாகிங் வைத்த போதுகூட அந்த இடத்தைத் தொடவில்லை. பிரிண்ட் இருந்த இடங்களை மட்டும் மாற்றினேன். அங்கே பிரிண்ட் இல்லை. அங்கே எதுவுமே இல்லை.

பதினோரு மணிக்குப் பொரிப்பகத்துக்குப் போனேன். அண்ணன் சந்தைக்குப் போயிருந்தார். பாஸ் இருந்த இடத்தில், என்ன பிழை, எந்த வரியில், எத்தனை மணிக்கு என்று முழுவதும் எழுதச் சொல்லும் வரியைப் போட்டேன். வேறெதையும் மாற்றவில்லை. முதலில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

காபி போடுவதற்கு முன்பே லாகைத் திறந்தேன். இரண்டாம் நம்பர் மெஷினில் ஐந்நூற்றுக்குக் கொஞ்சம் குறைவாக எரர். எல்லாம் ஒரே எரர்: ஈரத்தைப் பார்க்கிற சென்சார் பதில் சொல்லவில்லை.

நிமிடத்துக்கு ஒருமுறை என் புரோகிராம் முதலில் சென்சாரைக் கேட்கும். பிறகு ஹீட்டர், பிறகு தண்ணீர், கடைசியாக, மணி சரியாக அடித்திருந்தால், தட்டைத் திருப்பும். சென்சார் பதில் சொல்லாவிட்டால் மற்ற எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். சூட்டில் ஒரு நிமிடம் தவறினால் அடுத்த நிமிடம் சரியாகிவிடும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. தட்டைத் திருப்பும் வாய்ப்போ மணிக்கு ஒரே ஒரு நிமிடம்தான். அந்த நிமிடம் தவறினால் அந்த மணிக்குத் தட்டு திரும்பாது.

முதல் பஸ் பிடித்துப் போய்ச் சென்சாரை மாற்றினேன். ஒயர் பச்சை பிடித்துப்போயிருந்தது. தட்டு திருப்பும் வேலையைச் சென்சாரோடு சம்பந்தமில்லாமல் தனியாகப் பிரித்து எழுதினேன். திரும்பாவிட்டால் மறு நிமிடம் மறுபடியும் முயற்சி செய்யும், மூன்று முறை முடியாவிட்டால் அலறும். மாலை வரை உட்கார்ந்து பார்த்தேன். எட்டு மணி நேரத்தில் எட்டுத் தடவை திரும்பியது.

அங்கேயே உட்கார்ந்து 8, 9-ஆம் தேதி லாகுகளை எடுத்து, தட்டு திரும்பாத பகல் மணிகளையும் கதவு திறந்த நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.

7.00 தட்டு திரும்பவில்லை. 7.05 கதவு திறந்தது.
9.00 திரும்பவில்லை. 9.04 கதவு திறந்தது.
10.00 திரும்பவில்லை. 10.06 கதவு திறந்தது.

ஒன்பதும் இப்படியே. பகலில் விட்டுப்போன ஒரு மணியைக்கூட அவர் தவறவிடவில்லை. இரவில் விட்டுப்போனவற்றுக்குத்தான் ஆள் இல்லை. 10-ஆம் தேதிக்குப் பிறகு பகலுக்கும் இல்லை.

ஜூலை 16, புதன்

போகவில்லை. இன்னொரு நாள் ஓடட்டும், முழுவதும் உறுதியான பிறகு அண்ணனிடம் சொல்லலாம்.

மத்தியானம் மிளகாய் காயப்போட்டேன். காற்றில் பறந்தது. பொறுக்கினேன்.

உறுதியாகத்தான் இருக்கிறது. நேற்றே உறுதி.

7-ஆம் தேதிக் குறிப்பில், மோட்டார் சத்தம் பற்றி சரோஜாக்கா சொன்னதைப் 'பார்த்தேன், ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறேன். பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "கம்ப்யூட்டர் பார்த்துக்கும்கா, நீங்க கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 17, வியாழன்

அண்ணன் கணக்குப்பிள்ளை மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். காகிதத்தை முன்னால் வைத்துவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வரியைப் பற்றி, மே மாதத்தைப் பற்றி, சென்சாரைப் பற்றி. எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அவர் காகிதத்தைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"அப்ப, பகல்ல அவ இருந்ததாலதான் பாதியாச்சும் பொரிச்சுதா?"

"ஆமாங்கண்ணா."

"என்றகிட்ட அவ சொன்னா. போன மாசமே சொன்னா, மெசின் திரும்பறதில்லைன்னு. மேகலா படிச்ச புள்ள, அது செஞ்ச மெசின் தப்புப் பண்ணாதுன்னு நாந்தான் வாயடைச்சேன்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார். "உன்னத் திட்டோணும்னு வருது. அப்பறம் என்னையும் சேத்துத் திட்டிக்கோணுமே."

"திட்டுங்கண்ணா."

"அது கெடக்கட்டும். வண்டிய எடுக்கறேன். வா."

சரோஜாக்கா வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு கொப்பரைக் களத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வெயிலில் தேங்காய்ப் பருப்பைப் பரப்பிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் தலைத் துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் பேச ஆரம்பித்தார். நான் அவரை முந்திக்கொண்டேன்.

"அக்கா, தப்பு என்னுது. மெஷின் திரும்பலைன்னு நீங்க சொன்னது நிஜம். நான் எழுதுனதுல கோளாறு. நீங்க சொன்னப்பவே நான் பார்க்கலை."

"எனக்குத் தெரியுமுங்க அம்மிணி."

"என்ன தெரியும்?"

"நீங்க பாக்கலைன்னு. பஸ்ஸப் பாத்துட்டே பேசுனீங்க." கோபமில்லாமல்தான் சொன்னார். "எழுதற மெசின் வெக்கறேன்னு வந்தீங்கல்ல, அன்னிக்குச் சந்தோசப்பட்டனுங்க. இனி யாரும் என்னக் கேக்க வேண்டாம், அதுவே சொல்லிரும்னு நெனச்சேன். அதுவும் என்ற பேரத்தான் சொல்லுச்சு."

அண்ணன் காலடியில் கிடந்த ஒரு பருப்பை எடுத்துக் குவியலில் போட்டார். "நான் பேசுனது தப்புதான் சரோஜா. நாளைக்கு வந்துரு."

"வர்றனுங்க. ஆனா ரெண்டு காரியம்."

"சொல்லு."

"அது எழுதறது எனக்கும் தெரியோணும். தமிழ்ல, பெருசா, செவுத்துல. இங்கிலீசுல எழுதிக் கம்ப்யூட்டருக்குள்ள வெச்சுக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டாவது, நான் கையால என்ன செஞ்சாலும் அதையும் அது எழுதோணும். கதவு தொறந்தான்னு மட்டும் எழுதிட்டு எதுக்குத் தொறந்தான்னு எழுதாம விடக்கூடாது."

நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரிடம் புரோகிராம் எப்படி வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

ஜூலை 18, வெள்ளி

சரோஜாக்கா ஆறு மணிக்கே வந்துவிட்டாராம்.

நான் காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கோப்புக்குப் போகிற ஹேண்ட்லரில் எல்லாம் போகும். இரண்டாவதாக ஒரு ஹேண்ட்லர், சுவர்த் திரைக்கு. அதில் வார்னிங்கும் அதற்கு மேலும் மட்டும். தினமும் ஆயிரம் வரி ஓடினால் முக்கியமான ஒன்று அதில் காணாமல் போய்விடும். ஒரே செய்தி, இரண்டு இடம், இரண்டு அளவு. செய்து முடித்துப் பார்க்கையில் அழகாக இருந்தது. நல்ல வேலை செய்தால் கழுத்து வலிகூடத் தெரிவதில்லை.

ஜூலை 19, சனி

திரையில் வரப்போகிற வாக்கியங்களைப் போனில் படித்துக்காட்டினேன். 'தட்டு சுழற்சி தோல்வியுற்றது' என்று எழுதியிருந்தேன். சரோஜாக்கா சிரித்துவிட்டார்.

"தோல்வியா? எலெக்சனுங்களா? 'தட்டு திரும்பல, வந்து பாருங்க'ன்னு போடுங்க அம்மிணி."

அப்படியே போட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

லோகு ஆய்வகத்தில் கழித்துப்போட்ட பெட்டி ஒன்றில் மூன்று பச்சைப் பொத்தான்களைப் பொருத்திக்கொடுத்தார், மெஷினுக்கு ஒன்று. கையால் தட்டைத் திருப்பினால் அதை அழுத்த வேண்டும். 'கையால் திருப்பப்பட்டது, சரோஜா' என்று நேரத்தோடு லாகில் ஏறும்.

ஜூலை 21, திங்கள்

பதினெட்டாம் நாள். முட்டைகளை விளக்கில் வைத்துப் பார்த்து, உயிருள்ளவற்றை மட்டும் பொரிக்கும் பெட்டிக்கு மாற்றினார்கள். இனித் தட்டைத் திருப்ப வேண்டியதில்லை. நானும் சரோஜாக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உயிருள்ள முட்டை விளக்கில் இருட்டாகத் தெரிகிறது. மேல் ஓரத்தில் காற்றறை மட்டும் வெளிச்சம். சிலவற்றில் உள்ளே அசைவதுகூடத் தெரிந்தது.

இரண்டாம் நம்பரில் ஐந்நூற்று எழுபது முட்டை கழிந்தது. ஒன்றிலும் மூன்றிலும் முந்நூறுக்குள்தான். கூடுதலாகப் போனவை யாரால் போனவை என்று எனக்குத் தெரியும். சரோஜாக்கா அந்தக் கூடையை என் கண்ணில் படாத பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஜூலை 23, புதன்

முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறதாம். அண்ணன் போனை மெஷின் பக்கம் பிடித்துக் காட்டினார். எனக்கு ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. கேட்கிறது என்று சொன்னேன்.

ஜூலை 24, வியாழன்

லோகு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார்.

கதவைத் திறந்ததும் சூடும், ஈர இறகு வாசனையும், சத்தமும் ஒன்றாக முகத்தில் அடித்தன. தட்டு முழுக்கக் குஞ்சுகள். கருப்பு, பழுப்பு, சாம்பல், முதுகில் கோடு போட்டவை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, விழுந்து, எழுந்து, கத்தி. சில இன்னும் ஓட்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, வரலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தன.

எண்ணி முடிக்க மதியமானது. ஒன்றாம் நம்பரில் நூற்றுக்கு எண்பத்தைந்து. மூன்றாம் நம்பரில் எண்பத்துநான்கு. இரண்டாம் நம்பரில் எழுபத்திரண்டு. போன அடையில் அது ஐம்பத்தொன்று.

"எழுவத்திரண்டு!" என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எண்பத்தைந்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

சரோஜாக்கா ஒரு குஞ்சை எடுத்து லோகுவின் உள்ளங்கையில் வைத்தார். அது அங்கேயே எச்சம் போட்டது. லோகு கையை அசைக்காமல் அப்படியே நின்றார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் நகரவில்லை.

மெஷின்களைக் கழுவி, மறுபடி முட்டை அடுக்க ஆரம்பித்தார்கள். மூன்று மணிக்கு, திருப்புகிற மோட்டாரின் பெல்ட் ஒன்று கழன்று, சுவர்த் திரையில் முதல் முறையாக எழுத்து வந்தது: 'தட்டு திரும்பல, வந்து பாருங்க. மெஷின் 3.' அறையிலிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். சரோஜாக்கா போனார், கதவைத் திறந்தார், கைப்பிடியைச் சுற்றினார், கதவை மூடினார், பச்சைப் பொத்தானை அழுத்தினார். நாற்பது வினாடி. அண்ணன் போனில் மணி அடித்தது. அவர் அதை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

ஜூலை 25, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன். காலையில் தோசைக்கு ஊற்றிக்கொண்டே என் பழைய வேலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் கணினியில் தேடினேன். அதே எக்ஸெப்ட், அதே பாஸ். இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது. பெருந்துறைப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையம், தாராபுரத்தில் ஒரு காளான் பண்ணை.

காளான் பண்ணைக்காரரை முதலில் கூப்பிட்டேன். வயதில் சின்னவர், என்னை அக்கா என்பார்.

"சொல்லுங்கக்கா. என்ன விசேஷம்?"

"மெஷின் எப்படி ஓடுதுங்க?"

"அருமையா ஓடுது. ஒரு கம்ப்ளெயின்ட் இல்லை. ஏன்கா?"

"நான் எழுதுனதுல ஒரு தப்பு இருக்கு. கோளாறு வந்தாலும் உங்களுக்குத் தெரியாத மாதிரி எழுதி வெச்சிருக்கேன். வந்து மாத்திக் கொடுக்கணும்."

அந்தப் பக்கம் அவர் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"அங்க வேலை செய்யறவங்க யாராச்சும் உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன். "சத்தம் வரலைன்னோ, ஈரம் இல்லைன்னோ, எதுவா இருந்தாலும்."

"சொன்னாங்கக்கா" என்றார் மெதுவாக. "பார்வதின்னு ஒரு அம்மா. ரெண்டு மாசமா சொல்லிட்டேதான் இருக்காங்க."

"அவங்களை இருக்கச் சொல்லுங்க. அவங்ககிட்ட முதல்ல பேசணும்."

பத்தே காலுக்குத் தாராபுரம் பஸ். லோகுவுக்குத் தோசையை மூடி வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.